பவளத் தொட்டிக்குக் கால்சியம் ரியாக்டர்: அமைப்பதும் கோளாறு நீக்குவதும்

உங்கள் கேள்வி நீளமானது என்பதால், மற்றவர்களும் தொடர்ந்து வரும்படி முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில், கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப்பையும் சேர்த்து 500 லிட்டர் நீர் கொண்ட பவளத் தொட்டி வைத்திருக்கிறீர்கள். அதில் பெரும்பாலும் அக்ரோபோரா, மாண்டிபோரா என்னும் கடினப் பவளங்கள் இருக்கின்றன. கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஈடுகட்டத் தினமும் ஊற்ற வேண்டிய டூ-பார்ட் (இரு பகுதி) கரைசலின் அளவு ஏறிக்கொண்டே போனதால், அதே வேலையைத் தானாகச் செய்யும் ஒரு கால்சியம் ரியாக்டரை, பிஎச்சைக் கவனித்து வாயுவைத் திறந்து மூடும் கன்ட்ரோலருடன் வாங்கிப் பொருத்தினீர்கள். அதன் பிறகு தொட்டியின் காரத்தன்மை (பவளம் எலும்பு கட்ட எடுத்துக்கொள்ளும் பைகார்பனேட்டின் அளவு; அலகு டிகேஹெச்) 7.2-க்கும் 9.6 டிகேஹெச்சுக்கும் இடையே ஊசலாடுகிறது. ரியாக்டரிலிருந்து தொட்டிக்கு வரும் நீர்ச்சொட்டு அடிக்கடி நின்றுபோகிறது. உள்ளே பிஎச் 6.5 என்று திரை காட்டினாலும், வெளிவரும் நீரின் காரத்தன்மை 15-ஐத் தாண்டவில்லை. காலையில் தொட்டியின் பிஎச் 7.8-க்கு இறங்கிவிடுகிறது. கடைசியாக, ஊருக்குப் போய்த் திரும்பும்போது இராமேசுவரம் கடற்கரையிலிருந்து பவளத் துண்டுகளைக் கொண்டுவந்து ரியாக்டரில் நிரப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இவை வெவ்வேறு கோளாறுகளாகத் தெரிந்தாலும், பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். கன்ட்ரோலர் வைத்து இயக்கும் ரியாக்டரும் கன்ட்ரோலர் இல்லாமல் இயக்கும் ரியாக்டரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. முதலாவதற்குப் பொருந்தும் அறிவுரையை இரண்டாவதிலும், இரண்டாவதற்குப் பொருந்துவதை முதலாவதிலும் கலந்து செய்தால், எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் அளவு ஒரு நிலையில் நிற்காது. இதை விளக்குவதற்கு உள்ளே நடக்கும் வேதியியலைக் கொஞ்சம் தொட்டாக வேண்டும்.

ரியாக்டர் என்பது பவள எலும்பால் ஆன, அதாவது அராகனைட் வடிவிலான கால்சியம் கார்பனேட் துண்டுகளால் நிரப்பப்பட்ட மூடிய உருளை. அந்தத் துண்டுகளைத்தான் மீடியா என்கிறோம். அதற்குள் தொட்டி நீர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தும்போது கார்பானிக் அமிலம் உண்டாகி, நீரின் பிஎச் 6.5 அளவுக்கு இறங்குகிறது. அந்த நிலையில் மீடியா மெல்லக் கரைந்து கால்சியமாகவும் பைகார்பனேட்டாகவும் நீரில் சேர்கிறது. பவளம் தன் எலும்பைக் கட்டும்போது எந்த விகிதத்தில் இவற்றை எடுத்துக்கொள்கிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் ரியாக்டர் அவற்றைத் திருப்பித் தருகிறது. 2.8 டிகேஹெச் காரத்தன்மைக்கு 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) கால்சியம் என்பது அந்த விகிதம். டூ-பார்ட் முறையில் கால்சியத்தையும் காரத்தன்மையையும் தனித்தனியாகச் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது. ரியாக்டரில் அந்த வேலை இல்லை. உங்களைப் போலக் கடினப் பவளம் நிறைந்த தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது அந்த இரண்டு இயக்க முறைகளுக்கு வருகிறேன். கன்ட்ரோலர் இல்லாமல், நிமிடத்துக்கு இத்தனை குமிழி என்று வாயுவை நிலையாக விட்டால், எவ்வளவு மீடியா கரையும் என்பதை வாயுவின் அளவே தீர்மானிக்கும். அப்போது நீரோட்டத்தைக் கூட்டினால், வெளிவரும் நீர் நீர்த்துப்போகுமே தவிர, ஒரு நாளில் தொட்டிக்குப் போய்ச் சேரும் மொத்தக் காரத்தன்மை பெரிதாக மாறாது. கன்ட்ரோலர் வைத்தால் கதை வேறு. உள்ளே பிஎச் 6.6-இல் நிற்க வேண்டும் என்று கன்ட்ரோலருக்குச் சொல்லியிருந்தால், ஓட்டம் கூடும்போது அது வாயுவையும் கூடுதலாகத் திறந்து விடுகிறது. வெளிவரும் நீரின் அடர்த்தி ஏறத்தாழ அப்படியே இருக்க, அளவு மட்டும் கூடுவதால், ஓட்டத்தை இரட்டித்தால் தொட்டிக்குப் போகும் காரத்தன்மையும் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆகவே கன்ட்ரோலர் உள்ள ரியாக்டரில் ஓட்டமே திறவுகோல். கன்ட்ரோலர் இல்லாத ரியாக்டரில் வாயுவே திறவுகோல்.

உங்கள் ஊசலாட்டத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். சொட்டு வால்வு அடைத்துக்கொள்கிறது, ஓட்டம் குறைகிறது, கன்ட்ரோலர் வாயுவைக் குறைத்துக்கொள்கிறது, தொட்டியின் காரத்தன்மை 7.2-க்கு விழுகிறது. சோதித்துப் பார்த்துவிட்டு நீங்கள் வால்வைத் திறந்து விடுகிறீர்கள். முன்பைவிட அதிகமாகவே திறந்துவிடுவதால் ஓட்டம் பாய்கிறது. கன்ட்ரோலரும் அதற்கு ஈடாக வாயுவைத் தருகிறது. இரண்டு நாளில் காரத்தன்மை 9.6-ஐத் தொடுகிறது. இடையில் குமிழி எண்ணிக்கையையும் மாற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கன்ட்ரோலர் வாயுவை விட்டு விட்டுத் திறக்கும் அமைப்பில் குமிழியைக் கூட்டினால், வாயுவைத் திறந்து மூடும் சோலினாய்டு என்ற மின் வால்வு குறைந்த நேரம் திறந்திருக்கும், அவ்வளவுதான். தொட்டிக்குப் போகும் அளவு மாறாது. அதனால்தான் அந்த மாற்றம் எந்தப் பலனையும் தரவில்லை.

ஆகவே முதல் வேலை, எவ்வளவு ஓட்டம் தேவை என்று கணக்குப் போடுவது. ரியாக்டரை நிறுத்திவிட்டு, டூ-பார்ட்டும் ஊற்றாமல், இரண்டு அல்லது மூன்று நாள் ஒரே நேரத்தில் தொட்டியின் காரத்தன்மையை அளந்து பாருங்கள். அளவு 7-க்குக் கீழே போகும் போலிருந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு நாளைக்குச் சராசரியாக 1.4 டிகேஹெச் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 லிட்டரை 1.4-ஆல் பெருக்கினால் 700. இதுவே நாள்தோறும் ரியாக்டர் ஈடுகட்ட வேண்டிய அளவு. தொட்டி 8.4 டிகேஹெச்சில் நிற்க வேண்டும், வெளிவரும் நீர் 28 டிகேஹெச்சில் இருக்கும் என்றால், ஒவ்வொரு லிட்டரும் கொண்டுவருவது இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 19.6. எழுநூறை 19.6-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 35.7 லிட்டர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிலிட்டர். இவ்வளவு எளிய கணக்கைச் செய்யாமல், பிறர் தொட்டியின் சொட்டு எண்ணிக்கையைப் பார்த்துத் தம் வால்வைத் திருப்புவோர் நிறைய. அவர்களுடைய தொட்டியின் கொள்ளளவு வேறு, பவளத்தின் பசி வேறு.

இதே கணக்கை வேறு பக்கமாகவும் பார்க்கலாம். இந்த அளவுக்கு ஒரு நாளில் கரைய வேண்டிய மீடியா 12.5 கிராம்தான், மாதத்துக்கு 375 கிராம். ஆகவே நான்கைந்து கிலோ மீடியா பிடிக்கும் ரியாக்டர் உங்களுக்குத் தாராளமாகப் போதும். வாயுவும் நாளொன்றுக்குப் பத்து கிராமுக்குள் அடங்கிவிடும் என்பதால், கசிவு இல்லையென்றால் 5 கிலோ சிலிண்டர் ஒரு வருடத்துக்கு மேல் வர வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துபோனால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள்.

கணக்கில் வந்த 25 மில்லிலிட்டரை நாள் முழுவதும், மாதக் கணக்கில் மாறாமல் தர வேண்டும். இங்கேதான் உங்கள் அமைப்பு தோற்கிறது. ரியாக்டரின் வெளிவாயில் சிறிய பிளாஸ்டிக் வால்வை வைத்து ஓட்டத்தைக் குறுக்கியிருக்கிறீர்கள். வெளிவரும் நீர் கால்சியமும் பைகார்பனேட்டும் நிரம்பியது. குறுகிய வாயில் அழுத்தம் குறைந்து வாயு பிரியும்போது, கரைந்திருந்ததே மறுபடியும் சுண்ணாம்பாகப் படிகிறது. அதோடு வழவழப்பான பாக்டீரியாப் படலமும் சேர்ந்துகொள்கிறது. வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், துளையின் ஓரத்தில் வெள்ளை மாவு போன்ற வளையமும், அதன் மேல் பழுப்பு நிறக் கோழையும் ஒட்டியிருப்பது தெரியும். வினிகரில் ஊறப்போட்டால் போய்விடும், பிறகு மறுபடி வரும்.

நிலையான தீர்வு, தொடர்ந்து ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட பெரிஸ்டால்டிக் பம்ப், அதாவது மெல்லிய குழாயை உருளைகளால் பிழிந்து நீரைத் தள்ளும் பம்ப். டோசிங்குக்கு, அதாவது கரைசல்களை அளந்து ஊற்றுவதற்கு, விற்கப்படும் சாதாரண பம்ப் நாளில் சில நிமிடங்கள் ஓடுவதற்கானது. அதை இருபத்துநான்கு மணி நேரமும் ஓட்டினால் விரைவில் தேய்ந்துவிடும். நல்ல பம்ப்பை ரியாக்டரின் வெளிவாயில் வைத்து நீரை இழுக்கச் செய்யுங்கள். உள்வாயிலுக்கு, சம்ப்பிலிருந்து தொட்டிக்கு நீரை ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பிலிருந்து ஒரு கிளைக் குழாயை, நடுவே மெல்லிய பஞ்சு வடிகட்டி வைத்துக் கொடுங்கள். உள்ளே அழுத்தம் எப்போதும் சற்று அதிகமாகவே இருக்கும். வாயு பிரிந்து மேலே தேங்குவது குறையும். வெறும் சம்ப்பிலிருந்து பெரிஸ்டால்டிக் பம்ப் மட்டும் இழுத்தால், வடிகட்டி கொஞ்சம் அடைத்தாலே உள்ளே வெற்றிட அழுத்தம் உண்டாகி வாயுப் பை உருவாகும். செலவு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ரியாக்டருக்குச் செய்யும் செலவுகளில் மிகவும் பயனுள்ளது இதுவே என்பேன். பிரபலமான ரியாக்டர் வாங்கிவிட்டுச் சொட்டு வால்வோடு போராடுவதைவிட, எளிய ரியாக்டரும் நல்ல பம்ப்பும் மேல்.

ஓட்டத்தைச் சொட்டுகளாக எண்ணாதீர்கள். அளவுக் குடுவையை வெளிக்குழாயின் கீழே பிடித்து, நான்கு நிமிடத்தில் 100 மில்லிலிட்டர் வருகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மட்டும் பிடித்தால் வாசிப்பில் ஏற்படும் சிறு பிழையே பெரிதாகிவிடும்.

அடுத்தது, திரையில் 6.5, வெளிநீரில் 15 என்ற முரண். முதலில் சந்தேகப்பட வேண்டியது பிஎச்சை அளக்கும் உணரியான ப்ரோப். அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டினால், உள்ளே பிஎச் 6.9 இருக்கும்போதே கன்ட்ரோலர் வாயுவை நிறுத்திவிடும். மீடியா போதுமான அளவு கரையாது. தொட்டியில் வைக்கும் ப்ரோப்பை பிஎச் 7, 10 என்று அளவு தெரிந்த கரைசல்களில் சரிபார்க்கிறோம். ரியாக்டருக்குள் வைக்கும் ப்ரோப்பை 7, 4 ஆகிய இரண்டில்தான் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் அது வேலை செய்யும் இடம் அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. கரைசல் புதிதாக இருக்கட்டும்; திறந்து மாதக் கணக்கான புட்டியை நம்ப வேண்டாம். ப்ரோப்பின் கண்ணாடி முனையில் படலம் படிந்திருந்தால் சற்று நேரம் நீர்த்த வினிகரில் வைத்துக் கழுவிவிட்டுச் சரிபாருங்கள்.

ப்ரோப் சரியாக இருந்தும் வெளிநீர் நீர்த்தே இருந்தால், மீடியாவைப் பாருங்கள். நுண்துகள் சேர்ந்து கட்டியாகியிருந்தால் நீர் எல்லாத் துண்டுகளையும் தொடாமல் ஒரே தடம் வழியாகப் போய்வரும். உருளையின் சுவர் வழியே பார்க்கும்போது சில இடங்களில் மீடியா சாம்பல் நிறச் சேறாகவும், சில இடங்களில் புதிதாக வைத்தது போலவும் தெரிந்தால் அதுதான் காரணம். உள்சுழற்சிப் பம்ப்பின் வேகமும் முக்கியம். அதன் விசிறியில் சுண்ணாம்பு படிந்து வேகம் குறைந்திருந்தாலும் இதே விளைவுதான். பம்ப்பைக் கழற்றி வினிகரில் ஊறவைத்து, மீடியாவை ஆர்.ஓ. நீரில் அலசி, நைந்ததை நீக்கிவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

வெளிநீரை அளக்கும்போது ஒரு சிறு எச்சரிக்கை. கையடக்கக் காரத்தன்மைக் கருவிகள் பலவும் 20 டிகேஹெச் அளவோடு நின்றுவிடும். ஆகவே வெளிநீரையும் ஆர்.ஓ. நீரையும் சம அளவு கலந்து அளந்து, கிடைத்த எண்ணை இரட்டிக்க வேண்டும். நீங்கள் சொன்ன 15 இந்த வகைப் பிழையால் வந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் சரிசெய்த பிறகு 28 வரும்போது இது தேவைப்படும்.

இனி புதிதாகத் தொடங்குவதுபோல வரிசையாகச் செய்யுங்கள். ரியாக்டரைத் தொட்டியின் அளவுகளைச் சரிக்கட்டப் பயன்படுத்தக் கூடாது. சரியான அளவுகளை நிலைநிறுத்தத்தான் அது இருக்கிறது. எனவே முதலில் உப்படர்த்தி ஆயிரத்துக்கு 35 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காரத்தன்மையை 8.4-க்கும் கால்சியத்தை 420 பிபிஎம்முக்கும் மக்னீசியத்தை 1300 பிபிஎம்முக்கும் கையால் கொண்டுவாருங்கள். உங்கள் கொள்ளளவில் கால்சியத்தை 20 பிபிஎம் உயர்த்த, இரு நீர்மூலக்கூறு கொண்ட கால்சியம் குளோரைடு 37 கிராம் வேண்டும். ஒரே நாளில் காரத்தன்மையை 1 டிகேஹெச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். அக்ரோபோராவின் நுனி வெளுத்து உரிவது பெரும்பாலும் இப்படித் திடீரென்று ஏற்றுவதால்தான், அதுவும் நைட்ரேட், பாஸ்பேட் மிகக் குறைவாக உள்ள தொட்டிகளில் விரைவாக நேர்கிறது.

பிறகு ரியாக்டரில் மீடியாவை நிரப்பி, வாயு இல்லாமல் ஒரு நாள் முழுக்க நீரை மட்டும் ஓட விட்டு, ஒழுகல் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மீடியாத் துகள் சிக்கினாலே போதும், தரையெல்லாம் உப்பு நீர். ஒழுகல் இல்லை என்று உறுதியான பின் வாயுவைத் திறக்கலாம். சிலிண்டரில், வாயு அழுத்தத்தை இரண்டு கட்டமாகக் குறைக்கும் இரு நிலை ரெகுலேட்டர் இருந்தால் நல்லது. ஒரு நிலை ரெகுலேட்டரில் சிலிண்டர் தீரும் தறுவாயில் வெளியழுத்தம் ஏறி, வாயு மொத்தமாகப் பாயும் ஆபத்து உண்டு. சிலிண்டரின் மேல் உள்ள அழுத்தமானியைப் பார்த்து எவ்வளவு வாயு மீதம் இருக்கிறது என்று கணிக்க முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை, உங்கள் ஊர் வெப்பத்தில் அது 70 பார் அளவிலேயே நிற்கும். திரவம் தீர்ந்த பிறகுதான் முள் இறங்கத் தொடங்கும். சிலிண்டரை எடை போட்டுப் பார்ப்பதே சரியான வழி. குமிழி எண்ணும் புட்டிக்கும் ரியாக்டருக்கும் இடையே தடுப்பு வால்வு கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் நின்ற வேளையில் உப்பு நீர் பின்னோக்கி ஏறி, சோலினாய்டையும் ரெகுலேட்டரையும் அரித்துவிடும்.

நிமிடத்துக்கு முப்பது குமிழியில் தொடங்குங்கள். கன்ட்ரோலரை 6.6-இல் வைத்து, குமிழி அளவை நீடில் வால்வால் மெல்ல ஏற்றி, சோலினாய்டு பெரும்பாலான நேரம் திறந்தே இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அதாவது பிஎச் தானாகவே 6.6-ஐ ஒட்டி நிற்க வேண்டும். கன்ட்ரோலர் ஒரு காவலாக மட்டும் இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் என்றாவது சோலினாய்டு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டாலும் பெருஞ்சேதம் வராது. குமிழியை வேகமாக விட்டுவிட்டுக் கன்ட்ரோலரை மட்டும் நம்பியிருந்தால், அன்று ஒரே இரவில் மீடியா கூழாகி, தொட்டியின் பிஎச்சும் சரிந்துவிடும்.

முதல் நாளில் கணக்கில் வந்த ஓட்டத்தில் பாதி, அதாவது 12 மில்லிலிட்டர் போதும். மீதித் தேவையை டூ-பார்ட் ஈடுகட்டட்டும். ஒரு நாள் கழித்து வெளிநீரை அளந்து, 28-க்குக் குறைவாக இருந்தால் பிஎச்சை 6.5-க்கு இறக்குங்கள், அதிகமாக இருந்தால் 6.7-க்கு ஏற்றுங்கள். அது நிலைத்தபின் பிஎச்சை மறந்துவிட்டு, அதற்குப்பின் ஓட்டத்தை மட்டும் கூட்டிக்கொண்டே வந்து, டூ-பார்ட்டை அதே விகிதத்தில் குறையுங்கள். ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடையே மூன்று நாளாவது போகட்டும். ஒரே நாளில் இரண்டைத் திருப்பினால் எது எதனால் என்று பிறகு சொல்ல முடியாது. தினமும் அளக்க வேண்டியது காரத்தன்மையை மட்டுமே. கால்சியத்தில் 7 பிபிஎம் வேறுபாடு கிட்டின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும்; அதே அளவு மாற்றம் காரத்தன்மையில் 1 டிகேஹெச்சாகப் பளிச்சென்று தெரியும். பவளம் வளர வளரத் தேவை கூடும். அப்போதும் ஓட்டத்தைத்தான் கூட்ட வேண்டும். பிஎச்சை 6.3-க்குக் கீழே தள்ளி அதிகம் கறக்கப் பார்த்தால், மீடியா மாவாகக் கரைந்து அடைத்துக்கொள்ளும்.

காலையில் தொட்டியின் பிஎச் 7.8 என்பது, உண்மையில் ரியாக்டர் வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமான எண்தான். உள்ளே 6.5-இல் இயங்கும்போது செலுத்தும் வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீடியாவோடு வினைபுரியாமல் வெளிநீரோடு தொட்டிக்கு வந்துவிடுகிறது. இதைக் குறைக்க, முதல் உருளையிலிருந்து வரும் நீர் மீடியா நிரம்பிய இரண்டாவது உருளை வழியாகப் போகும்படி செய்யலாம். மிச்ச வாயு அங்கே இன்னும் கொஞ்சம் மீடியாவைக் கரைத்துச் செலவாகிவிடும். வெளிக்குழாயின் நுனியை, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் நீர் எடுக்கும் இடத்துக்கு அருகே விடுவதும் உதவும், ஏனென்றால் ஸ்கிம்மர் காற்றோடு கலந்து வாயுவை வெளியேற்றும்.

ஆனால் உங்கள் வீட்டில் காரணம் ரியாக்டர் மட்டும்தானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரவில் ஏசி போட்டுச் சன்னல்களை அடைத்த அறையில், மனிதர்கள் மூச்சுவிடும் கார்பன் டை ஆக்சைடே தேங்கி நிற்கும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கோப்பையில் தொட்டி நீரை எடுத்து பிஎச்சை அளந்துவிட்டு, பால்கனியில் வைத்து ஏர் பம்ப்பால் ஒரு மணி நேரம் காற்று விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். இன்னொரு கோப்பையை அறைக்குள்ளேயே வைத்து அதேபோல் செய்யுங்கள். வெளியே வைத்ததில் பிஎச் ஏறி, உள்ளே வைத்ததில் ஏறவில்லையென்றால், குற்றம் அறைக் காற்றில். அப்போது ஸ்கிம்மரின் காற்றுக் குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டினாலே 8-ஐத் தாண்டிவிடும். இரண்டிலும் ஏறினால், தொட்டி நீரில் தேங்கிய வாயு போதுமான அளவு வெளியேறவில்லை, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.

சுண்ணாம்புத் தெளிநீரை இரவில் சொட்டவிடுவது இன்னொரு வழி. அதன் பிஎச் 12.4 என்பதால் தொட்டியில் உள்ள வாயுவை அது பிடித்துக்கொள்ளும், கூடவே கால்சியமும் காரத்தன்மையும் தரும். தெவிட்டிய தெளிநீர் மூன்று லிட்டரில், உங்கள் ஒரு நாள் தேவையில் ஏறத்தாழ பாதி இருக்கிறது. ஆகவே அதைச் சேர்க்கத் தொடங்கினால் ரியாக்டரின் ஓட்டத்தையும் பாதிக்குக் குறைத்தாக வேண்டும். ரியாக்டர் உள்ள தொட்டிக்கு இந்தச் சேர்க்கை மிகவும் பொருத்தம் என்பது என் கருத்து. ஒன்று பிஎச்சை இறக்குகிறது, மற்றது ஏற்றுகிறது, இரண்டும் ஒரே பொருளைத்தான் தருகின்றன. ஆனால் உங்கள் ஓட்டம் நிலைபெற்று ஒரு மாதம் கடந்த பிறகு இதைத் தொடுங்கள்.

இனி வரக்கூடிய வேறு சில தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். உள்சுழற்சிப் பம்ப் கரகரவென்று இரைந்தால் உருளையின் மேற்பகுதியில் வாயு தேங்கியிருக்கிறது. மூடியில் உள்ள சிறு திறப்பு வழியாக அதை வெளியேற்றுங்கள். அடிக்கடி வந்தால் வாயு கரைவதைவிட வேகமாக நுழைகிறது, குமிழியைக் குறைக்க வேண்டும். பிஎச் இறங்கவே மறுத்தால் சிலிண்டர், சோலினாய்டு, தடுப்பு வால்வு என்று வரிசையாகப் பாருங்கள். தடுப்பு வால்வு ஒட்டிக்கொள்வது மிகச் சாதாரணம். வெளிநீர் சரியாக இருந்தும் தொட்டியில் காரத்தன்மை ஏறவில்லை, ஹீட்டரிலும் பம்ப்பிலும் வெள்ளைப் படிவு கூடுகிறது என்றால் மக்னீசியத்தை அளந்து பாருங்கள். அது குறைந்தால் கால்சியம் கார்பனேட் நீரிலிருந்து தானாகவே படியத் தொடங்கும். அராகனைட் மீடியாவில் மக்னீசியம் மிகக் குறைவு. அதனால் மேலே கொஞ்சம் மக்னீசியம் உள்ள டோலமைட் மீடியாவைக் கலந்து போடுவது வழக்கம்.

மீடியாவைப் பற்றிப் பேசும்போது உங்கள் இராமேசுவரம் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடினப் பவளங்கள் அனைத்தும் இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டவை. செத்த பவளமாக இருந்தாலும் எடுப்பதும் கடத்துவதும் குற்றம். சட்டம் இருக்கட்டும், மன்னார் வளைகுடாவின் நிலையை நினைத்துப் பாருங்கள். அங்கே பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். தேசியப் பூங்காவின் இருபத்தொரு தீவுகளில், பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்து நின்ற பவளப்பாறையை வெட்டியதும் அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கரையில் ஒதுங்கும் துண்டுகளும் அந்தத் தீவுகளின் மண்தான். பவளத்தை வளர்க்க ஆசைப்படும் நாம் அதில் கை வைக்கக் கூடாது. கரையில் கிடக்கும் துண்டில் என்னென்ன ஊறியிருக்கும் என்பதும் தெரியாது. பாஸ்பேட் இருந்தால் அது அப்படியே கரைந்து உங்கள் தொட்டியில் பாசியாக எழும். கடையில் விற்கும் பருமனான மீடியாவையே வாங்கி, நிரப்புவதற்கு முன் ஆர்.ஓ. நீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். முதல் வாரத்தில் வெளிநீரின் பாஸ்பேட்டை ஒருமுறை அளந்துவிட்டால் அந்த மீடியாவின் தரம் தெரிந்துவிடும். மணல் போன்ற பொடி மீடியா சீக்கிரம் அடைக்கும் என்பதால் வேண்டாம்.

பராமரிப்பு அதிகமில்லை. வாரம் ஒருமுறை ஓட்டத்தைக் குடுவையில் அளப்பது, மாதம் ஒருமுறை வெளிநீரை அளந்து ப்ரோப்பைச் சரிபார்ப்பது, பெரிஸ்டால்டிக் பம்ப்பின் குழாய் தொய்வதற்குமுன் மாற்றுவது, மீடியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் மேலே நிரப்புவது, இவ்வளவுதான். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி வையுங்கள். சன்னல் அடைத்துத் தூங்கும் அறையில் வைக்க வேண்டாம்.

ஊருக்குப் போகும் மாதத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய பத்து நாளில் ரியாக்டரில் எதையும் மாற்றாதீர்கள். சிலிண்டரை எடை போட்டு, ப்ரோப்பைச் சரிபார்த்து, வடிகட்டிப் பஞ்சைக் கழுவி வைத்துவிடுங்கள். தொட்டியைப் பார்த்துக்கொள்பவரிடம் இரண்டு வேலை மட்டும் கொடுங்கள்: வாரம் இருமுறை காரத்தன்மையை அளந்து உங்களுக்கு அனுப்புவது, வெளிக்குழாயில் நீர் வருகிறதா என்று தினமும் பார்ப்பது. காரத்தன்மை 9.5-ஐத் தாண்டினால் வாயுவையும் பெரிஸ்டால்டிக் பம்ப்பையும் நிறுத்திவிடச் சொல்லுங்கள். அது 7.5-க்குக் கீழே போனால் டூ-பார்ட்டை அளந்து ஊற்றச் சொல்லுங்கள். வால்வையும் கன்ட்ரோலரையும் அவர் தொடவே வேண்டாம், நீங்கள் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்.